இரண்டாம் சந்திப்பு பணிப்பட்டியலில் ஏறட்டும்

(மரபணு நோய்கள் பற்றிய செவிலியர் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, கருத்தரங்கைத் தொடங்கிவைத்த மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, மரபியல் துறைத் தலைவர் அவர்களே, செவிலியர் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, இரவுப் பணி முடிந்து தூங்காமல் நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் வார்டு சகோதரிகளே, சகோதரர்களே, மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய துணைச் செயலாளர் சொன்னதில் பாதியை என் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது, அவருக்கு நன்றி. மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களுக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறது, இருந்தும் என் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார். அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

மரபணுச் சோதனையின்போதும் நோய் உறுதியாகும்போதும் குடும்பத்துக்குத் துணைநிற்பதில் செவிலியரின் பங்கு என்ன? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நான்கு பகுதியாகப் பேச நினைக்கிறேன். சோதனைக்கு முன்னால், முடிவு சொல்லும் நாளில், உறவினர்களுக்குத் தெரிவிப்பதில், அப்புறம் இதையெல்லாம் சுமக்கும் செவிலியரின் மனம். நான்குக்கும் சேர்த்து எனக்குத் தெரிந்தது ஒரே பழமொழி: பதறாத காரியம் சிதறாது. பின்வரிசையில் சிரிப்பு கேட்கிறது. என்னிடம் படித்தவர்கள் போலிருக்கிறது.

முதலில், சோதனைக்கு முன்னால். சர்க்கரை அளவு பார்க்க எடுக்கும் ரத்தம் அந்த ஒருவரைப் பற்றி மட்டும் பேசும். மரபணுச் சோதனைக்கு எடுக்கும் ரத்தம் அவருடைய அப்பா, அக்கா, இன்னும் பிறக்காத பிள்ளை எல்லோரைப் பற்றியும் பேசும். ஊசி ஒன்றுதான், குழாயும் கிட்டத்தட்ட அதேதான். அதனால்தான் நாமே சில நேரம் அசட்டையாகக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். முடிவு 'உண்டு', 'இல்லை' என்று இரண்டாக மட்டும் வராது, 'இப்போதைக்குச் சொல்ல முடியாது' என்றும் வரலாம் என்பதை ரத்தம் எடுப்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். 2015இல் வெளியான அமெரிக்க வழிகாட்டி நெறிகள் மரபணு மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. அதில் நடுவில் இருப்பது பொருள் தெளியாத மாற்றம். அந்த வகையில் ஒரு ரிப்போர்ட் வந்தால் பெற்றோர் அதை நோய் என்றே படிப்பார்கள். மறுநாள் இணையத்தில் தேடி எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த ஓர் இரவாவது அவர்களுக்கு மிஞ்சும்.

வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். நடுவயதில் தொடங்கி மூளையை மெல்ல மெல்ல அழிக்கும் ஹண்டிங்டன் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று 1983இல் தெரிந்தது, மரபணுவையே 1993இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சோதனை துல்லியமானது, ஆனால் நோயை நிறுத்தும் மருந்து இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் சோதனையே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். அது பயமில்லை, அவர்களுடைய உரிமை. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, எடுத்துடுங்களேன்" என்று சொல்லும் நர்ஸ் அங்கே தேவையில்லை. வளர்ந்த பிறகு வரக்கூடிய, இப்போது தடுக்க வழியில்லாத நோய்க்கு இன்று ஒரு சிறு பிள்ளையைச் சோதிக்காமல், அது வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும் என்று காத்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் துறைத் தலைவர் என்னைக் கோபித்துக்கொள்வார். பதறாமல் இருப்பது வேறு, தாமதிப்பது வேறு. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, வடிதாளில் ரத்தத் துளி எடுக்கிறோமே, அந்த முறையை 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் கொண்டுவந்தார். உணவுப் புரதத்தின் ஒரு கூறை உடலால் சிதைக்க முடியாத பினைல்கீட்டோனூரியா என்ற நோயை அப்படிக் கண்டுபிடித்து, முதல் சில வாரங்களுக்குள் உணவைக் கட்டுப்படுத்தினால் மூளை பாதிக்கப்படாமல் காக்கலாம். அங்கே ஒரு வாரம் தள்ளிப்போடுவதே குற்றம். முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கும் இன்று அதே நிலைதான். 2016இல் முதல் மருந்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. அறிகுறி தெரிவதற்கு முன்பே மருந்து தொடங்கிய குழந்தைகள்தான் நன்றாகத் தேறுகிறார்கள்.

இனி இரண்டாவது பகுதி, முடிவு சொல்லும் நாள். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தெல்லாம் வருவதற்கு முன்பு, நான் வார்டு சிஸ்டராக இருந்தபோது நடந்தது. எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள்.

ஓர் இளம் தம்பதி, அவர்களுக்கு முதல் குழந்தை. குழந்தைக்குத் தலை நிற்கவில்லை, கைகால் துவண்டு கிடக்கும், அழுகை மெலிசு. கண்கள் மட்டும் அறைக்குள் யார் வந்தாலும் பின்தொடரும். அப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மரபணு ரிப்போர்ட் வந்தது, முதுகுத்தண்டுத் தசைச் சிதைவுதான் என்று உறுதியானது. மருத்துவர் அதை நடைவழியில், இரண்டு தள்ளுவண்டிகளுக்கு நடுவில் நின்றபடி சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியே ஓ.பி. நிரம்பி வழிந்தது. அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சாயங்காலம் வீட்டுக்குப் போகலாமா?" போகலாம் என்றார். எல்லாம் புரிந்துகொண்டாள் என்று கேஸ் ஷீட்டில் எழுதியாகிவிட்டது.

மறுநாள் காலையில் குடும்பமே வந்துவிட்டது, முன்னால் மாமியார். நர்ஸுகள் மேசைக்கு எதிரே நின்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு பிள்ளை கிடையாது. இவள் வீட்டில் விசாரியுங்கள்" என்றார். மருமகள் தரையைப் பார்த்தாள். மகன் என்ன செய்தார் தெரியுமா? சுவரில் இருந்த கைகழுவும் முறை பற்றிய விளம்பரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக்கொண்டிருந்தார். (சிரிக்காதீர்கள், நம் வீட்டு ஆண்களும் அப்படித்தான்.)

எங்காவது உட்கார வைத்துப் பேசலாம் என்றால் கதவு உள்ள அறையே இல்லை. கடைசியில் துணி வைக்கும் அறையில், விரிப்புகள் அடுக்கியிருந்த இடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தேன். மாமியாருக்கு மூட்டைமேல் இடம். மருமகள் தரையில். ஒரு தாளை எடுத்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வம்சாவளி வரையத் தொடங்கினேன். "அம்மா, நீங்கதான் பெரியவங்க. எனக்குப் பேர் தெரியாது, நீங்க சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த தந்திரம். கொஞ்ச நேரத்தில், "அவனை ஏன் இங்கே போட்டாய்? அவன் மூத்தவன், இடப்பக்கம் வரணும்" என்று என்னைத் திருத்தினார். அப்புறம் பேனாவையே வாங்கிக்கொண்டார். மகனுக்கும் அவருக்கும் யார் மூத்தவர் என்று ஒரு சண்டை. விளம்பரம் படித்தவர் இப்போது தாளுக்குமேல் குனிந்திருந்தார். தாள் போதாமல் இன்னொரு தாள் ஒட்டினோம். அந்த அம்மா ஒரு பெயரையும் மறக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அத்தனை விவரம் கிடைக்காது.

தன் கணவரின் தங்கைகளை வரையும்போது ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கை நின்றது. "இது எட்டு மாசத்துல போயிடுச்சு" என்றார். என்ன உடம்புக்கு என்று கேட்டேன். "தலை நிக்கல. பொம்மை மாதிரி கிடந்துச்சாம். வெளியில் சொல்லக் கூடாதுன்னு என் மாமியார் சொல்லிட்டாங்க." மகனுக்கே அது தெரியாது. அது இதே நோய்தானா என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை முதலில் சொன்னேன். பிறகுதான், இந்த நோய் பெரும்பாலும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒரே மரபணுவின் இரண்டு குறைபட்ட பிரதிகள் சேரும்போது வருகிறது, ஒன்று மட்டும் வைத்திருக்கும் கேரியருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, தலைமுறை தலைமுறையாகத் தெரியாமலே கடந்துவிடும் என்று விளக்கினேன். ஏறக்குறைய ஐம்பது பேரில் ஒருவர் கேரியர், இந்த அரங்கிலேயே பலர் இருப்போம். "அப்படின்னா என் பையன் பக்கமும் பாதியா?" என்றார். சரிபாதி என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூட்டைமேல் நகர்ந்து உட்கார்ந்து, மருமகளிடம், "தரை சில்லுன்னு இருக்கு, எழுந்து இப்படி வந்து உட்காரு" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். வரிசையாகக் கேள்விகள். கர்ப்பமாக இருந்தபோது நான் ஏதாவது செய்துவிட்டேனா? இல்லை. நான்கில் ஒன்று என்றாரே டாக்டர், ஒன்று வந்துவிட்டது, அடுத்த மூன்றும் நன்றாகப் பிறக்குமா? இந்தக் கேள்வியை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று இரண்டு நாணயங்களைக் கையில் கொடுத்துச் சுண்டச் சொன்னேன். இரண்டும் பூ விழுந்தால் நோய். போன முறை என்ன விழுந்தது என்று நாணயத்துக்கு நினைவு இருக்காது, ஒவ்வொரு கர்ப்பத்திலும் கணக்கு புதிதாகத் தொடங்கும். அடுத்த கர்ப்பத்தில் 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ சோதிக்க வழி உண்டு, அதைச் செய்துகொள்வதும் செய்யாததும் உங்கள் இருவர் விருப்பம் என்றேன். குழந்தைக்குப் பால் புரையேறாமல் எப்படிப் பிடிப்பது, சளியை எப்படி எடுப்பது என்றெல்லாம் அன்றுதான் கேட்டார்கள். முதல் நாள் நடைவழியில் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று நான் சும்மா சொல்லவில்லை.

இதற்கு எனக்குக் கிடைத்தது, துணி அறையை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை. இப்போது என் காரணத்துக்கு வருகிறேன், முதல்வர் அவர்கள் கவனிக்க வேண்டும். அந்த இரண்டாம் சந்திப்பு என் டூட்டி முடிந்த பிறகு நடந்தது. பணிப்பட்டியலில் அது வேலையே இல்லை. ஊசி போட்டால் வேலை, கேஸ் ஷீட் எழுதினால் வேலை. ஒரு குடும்பத்தை உட்கார வைத்துப் பேசினால் அது பேச்சு! நான் கேட்பது இதுதான். மரபணு முடிவு சொன்ன ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு வாரத்துக்குள் ஓர் இரண்டாம் சந்திப்பு. கதவு மூடும் ஓர் அறை. குறைந்தது அரை மணி நேரம். முதல் நாள் உடனிருந்த அதே செவிலியர். அந்த நேரம் டூட்டி ரோஸ்டரில் அவர் பெயருக்கு எதிரே எழுதப்பட வேண்டும்.

அதற்குத்தான் மரபியல் ஆலோசகர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள், மகிழ்ச்சி. அந்தத் துறைக்கு ஷெல்டன் ரீட் என்ற அமெரிக்க மரபியலாளர் 1947இல் பெயர் வைத்தார். ஆனால் ஆலோசகர் எத்தனை வார்டுக்கு இருக்கிறார்? நள்ளிரவில் குழந்தையின் அம்மா அழும்போது பக்கத்தில் இருப்பது யார்? மரபியலில் பணிபுரியும் செவிலியர்களுக்கென்று 1988லேயே ஒரு பன்னாட்டுச் சங்கம் தொடங்கியாயிற்று, நாம் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்ல நர்ஸுக்கு என்ன தகுதி என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாற்றத்தின் பொருளை நாம் சொல்லப் போவதில்லை, தெரியாததை "டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்போம், கேட்டும் சொல்வோம். குடும்பம் என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை, எதைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. நேரமில்லை என்பது கடைசி வாதம். ஒரே சந்தேகத்துக்காக அந்தக் குடும்பம் திரும்பத் திரும்ப ஓ.பி.யில் வந்து நிற்கிறதே, அது யாருடைய நேரம்?

மூன்றாவது பகுதி, உறவினர்கள். விரைவாகச் சொல்கிறேன். பழுதானால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் இரண்டு மரபணுக்களில் பிஆர்சிஏ1 1994இல், பிஆர்சிஏ2 1995இல் கண்டுபிடிக்கப்பட்டன. மார்பகப் புற்றுநோய் என்றதும் மகள்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். மகனுக்கும் அதே பாதி வாய்ப்பு, அவர் தன் மகளுக்குக் கடத்தலாம். உறவினருக்கு நாமே போன் செய்யக் கூடாது, அது நோயாளியின் ரகசியம். ஆனால் அண்ணனுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் தவிப்பவரோடு உட்கார்ந்து கடிதம் எழுத உதவலாம். அதையும் எந்த நேரத்தில் செய்வது என்றால், மறுபடி இரண்டாம் சந்திப்புக்குத்தான் வருவேன்.

நான்காவது பகுதிக்குள் போகும்போது துண்டுச் சீட்டு வந்துவிட்டது. செயலாளர் கையெழுத்து அழகாக இருக்கிறது, 'நேரம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். செவிலியரின் மனச்சுமையை இன்னொரு மேடையில்தான் பேச வேண்டும். அதற்கும் என்னையே அழைப்பார்கள் என்று நம்புகிறேன்.

நான் சொன்ன ஐந்து கோரிக்கைகளும் அடங்கிய விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், பணியிடம், கையெழுத்து போதும். மாணவிகளுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறோம். முதல் தாளில் முதல் வரியை முதல்வர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன், அவர் இன்னொரு கூட்டத்துக்குக் கிளம்பும் முன் அந்த வழியாகத்தான் போக வேண்டும், வேறு வாசல் இல்லை என்பதைக் காலையிலேயே பார்த்துவைத்தேன். வாய்ப்பளித்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.