இழுப்பு வரப்போவதை முன்னமே தெரிந்துகொள்ள முடியுமா?

வணக்கம். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு வருகிற இழுப்பு, அதாவது ஆஸ்துமா பற்றி ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கரூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு ஆறு வயது, எடை 20 கிலோ. ஒரு வருடத்தில் மூன்று முறை நடு இரவில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் திடீரென்று வருகிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? தினமும் பம்ப் (இன்ஹேலர்) கொடுத்தால் பழகிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். அதனால் அவன் நன்றாக இருக்கும்போது நிறுத்திவிடுகிறோம். தீபாவளிக்கு ஊருக்குப் போகலாமா?"

அம்மா, மூன்று இரவுகள் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வழி இருக்கிறது. உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதிலும் இருக்கிறது.

முதலில் அந்தத் "திடீரென்று" என்ற வார்த்தை. என்னிடம் வருகிற பெற்றோர் எல்லோரும் "நேற்று வரை நன்றாகத்தான் இருந்தான் டாக்டர்" என்பார்கள். நான் பொறுமையாகக் கேட்பேன். மூன்று நாளைக்கு முன்பு சளி பிடித்ததா? ஆமாம், மூக்கு ஒழுகியது. இரவில் இருமினானா? விடியற்காலையில் கொஞ்சம். விளையாட்டில் எப்படி? இரண்டு நாளாகச் சீக்கிரமே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். அவ்வளவும் அறிகுறிதான். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வருகிற அட்டாக்குகளில் பத்தில் எட்டு, சாதாரண சளி வைரஸுக்குப் பின்னால் வருபவை. மூக்கில் தொடங்கி மார்புக்கு இறங்க ஓரிரு நாட்கள் எடுக்கும். அந்த நாட்கள்தான் நம் கையில் இருக்கும் நேரம்.

இருமலில் எதைக் கவனிக்க வேண்டும்? நேரத்தை. பகலில் இருமுவதைவிட, இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் தூக்கத்தைக் கலைக்கிற இருமல்தான் முக்கியம். சிரித்தால் இருமுவது, ஓடினால் இருமுவது, இவையும் கணக்கில் வரும். அப்புறம், அவன் நன்றாக இருக்கும் ஓர் இரவில், தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். ஆறு வயதில் அது பெரும்பாலும் 20 ஐ ஒட்டி இருக்கும். சளி பிடித்த இரவில் மறுபடி எண்ணுங்கள். கூடிக்கொண்டே போனால் அவன் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எவ்வளவு வேகமாக மூச்சை வெளியே ஊத முடிகிறது என்று காட்டுகிற ஒரு சின்னக் கருவியும் இருக்கிறது, பீக் ஃப்ளோ மீட்டர் என்பார்கள். ஐந்தாறு வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தால் ஊதுவார்கள். நன்றாக இருக்கும் நாட்களில் அவன் எட்டும் அதிகபட்ச அளவு 200 என்று வைத்துக்கொள்வோம். 160 க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 160 க்கும் 100 க்கும் இடையில் என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த திட்டப்படி உடனே மருந்தைத் தொடங்க வேண்டும். 100 க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு. ஆனால் ஆறு வயதுக்காரன் சில நாள் ஒழுங்காக ஊத மாட்டான். அதனால் கருவியை மட்டும் நம்ப வேண்டாம், இரவு இருமலையும் சேர்த்துப் பாருங்கள்.

இதையெல்லாம்விட நல்ல ஜோசியம் ஒன்று இருக்கிறது. கடந்த 12 மாதங்களில் ஒரு பெரிய அட்டாக் வந்திருந்தால், அடுத்ததும் வர வாய்ப்பு அதிகம். உங்கள் மகனுக்கு மூன்று வந்திருக்கிறது. ஆகவே அவன் இன்று ஓடி விளையாடினாலும் ஆபத்து வளையத்துக்குள்தான் இருக்கிறான். இன்னொரு கணக்கு, இழுப்பு வந்தால் கொடுக்கிற சால்பூட்டமால் பம்ப். ஒரு பம்பில் 200 பஃப் இருக்கும், அதாவது 200 முறை அழுத்தலாம். வருடத்துக்கு மூன்று பம்புக்கு மேல் காலியாகிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். மாதம் ஒன்று காலியானால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. மருந்துக் கடையில் வாங்கிய தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சரி, இப்போது மாமியார் பயத்துக்கு வருகிறேன். அவர் பேரன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து இதைக் கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய், இழுப்பு இல்லாத நாளிலும் உள்ளே லேசாக வீங்கித்தான் இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு. சளியோ புகையோ பட்டால் பற்றிக்கொள்கிறது. சால்பூட்டமால் அந்த நேரத்துக்குக் குழாயை விரித்துக் கொடுக்கும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை அடக்குவது தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு பம்ப்தான், ப்யூடசோனைடு, ஃப்ளூடிகசோன் மாதிரி. நீங்கள் நிறுத்துவது அதைத்தான். நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகாது. அதனால் தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது. சில வாரங்களில் உள்ளே வீக்கம் திரும்பிவிடும். அடுத்து வரும் சளியில் மறுபடி ஆஸ்பத்திரி.

பழகிவிடுமா? பழகாது. ஸ்டீராய்டு ஆயிற்றே என்றால், ஒரு கணக்குச் சொல்கிறேன். குறைந்த அளவில் கொடுக்கும்போது ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம் பம்ப் வழியாகப் போகும். அட்டாக் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கே 20 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் கொடுப்போம். எடையில் பார்த்தால் நூறு மடங்கு, அதுவும் உடம்பு முழுக்கப் போகிறது. இரண்டும் வேறு வேறு ஸ்டீராய்டு, நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் பம்பை நிறுத்தி ஸ்டீராய்டைத் தவிர்க்கிறோம் என்று நினைக்கிற பெற்றோர், பிள்ளைக்கு அதைவிட அதிகமாகச் சேர்க்கிறார்கள். பம்புக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். வட அமெரிக்காவில் ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், ப்யூடசோனைடு எடுத்தவர்கள் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவாக இருந்தார்கள். மூச்சுத் திணறும் இரவுகளுக்கு எதிரில் அதை வைத்துப் பாருங்கள். என் பிள்ளையாக இருந்தால் நான் தயங்கமாட்டேன். கொஞ்ச நாள் கட்டுக்குள் இருந்தால் டாக்டரே அளவைக் குறைப்பார். நீங்களாகக் குறைக்க வேண்டாம். அதேபோல் சளி பிடித்தவுடன் ஸ்டீராய்டு பம்பை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். ஐந்து மடங்கு கூட்டிப் பார்த்தும் பிள்ளைகளுக்குப் பலன் இல்லை என்று 2018 இல் வந்த ஆய்வு சொல்லியது.

பம்ப் கொடுத்தும் பலன் இல்லை என்று வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது, கொடுத்துக் காட்டுங்கள் என்பதுதான். பாதிப் பேர் நேராக வாயில் அடிப்பார்கள். மருந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், மார்புக்குப் போகாது. ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கிற குழாய், கட்டாயம். பம்பைக் குலுக்கி, ஒரு பஃப் அடித்து, ஐந்தாறு மூச்சு சாதாரணமாக இழுக்க வேண்டும். அடுத்த பஃபுக்கு மறுபடி குலுக்க வேண்டும். ஸ்டீராய்டு பம்ப் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்சுவர் மருந்தை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். இன்னொன்று, மருந்து தீர்ந்த பிறகும் பம்பிலிருந்து புகை மாதிரி வரும். அதில் மருந்து இருக்காது. அப்படிக் காலியான பம்பை ஒரு மாதமாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அப்பாவைப் பார்த்திருக்கிறேன். தினமும் 4 பஃப் என்றால் 200 பஃப் 50 நாளில் தீரும். திறந்த தேதியைப் பம்பின்மேலேயே எழுதுங்கள்.

வீட்டில் புகை இருக்கக் கூடாது. கொசுவர்த்திச் சுருளைத்தான் முதலில் சொல்வேன். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வருகிற நுண்துகள், 75 சிகரெட்டுகளுக்குக் குறையாது என்று அளந்திருக்கிறார்கள். வலை கட்டுங்கள். சாம்பிராணியை அவன் இல்லாத நேரத்தில் போட்டு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால், மாடியில் போய்ப் பிடித்தாலும் போதாது, நிறுத்த வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்துணியை அவன் படுக்கும் அறையில் காயப்போடாதீர்கள். வாழைப்பழம், தயிர், கீரை என்று வரிசையாக நிறுத்திவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த உணவு சாப்பிட்டு அவனுக்கு அலர்ஜி வந்ததை நீங்களே பார்த்திருந்தால் ஒழிய, எதையும் நிறுத்த வேண்டாம். விளையாட்டையும் நிறுத்தாதீர்கள். வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுங்கள். ஆஸ்துமாவுக்கு மான்டெலுகாஸ்ட் மாத்திரை கொடுக்கிறீர்கள் என்றால், கெட்ட கனவு, எரிச்சல், அழுகை என்று மாற்றம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தும் அட்டாக் வரலாம். பேச ஆரம்பித்து ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலமாகிறது, சோர்ந்து தூங்கப் பார்க்கிறான், இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் 108 ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசரில் சால்பூட்டமாலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வீசிங் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பிள்ளை தெளிவில்லாமல் இருக்கும்போது சத்தம் நின்றால், காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

தீபாவளிக்குப் போகலாம், தாராளமாகப் போங்கள். தாத்தா பாட்டியைப் பார்க்காமல் என்ன பண்டிகை? ஆனால் இன்றிலிருந்தே ஸ்டீராய்டு பம்பைத் தொடங்கி, ஒரு நாளும் விடாமல் கொடுங்கள், பண்டிகைக்கு முந்தின நாள் தொடங்கினால் பயனில்லை. ஊருக்குப் போவதற்கு முன்பே டாக்டரிடம் போய், எந்த நிலையில் எத்தனை பஃப் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். அதில் ஒரு பிரதி பள்ளி ஆசிரியையிடமும் இருக்கட்டும். பட்டாசு வெடிக்கும் மாலை நேரத்தில் அவன் கதவு சாத்திய அறைக்குள் இருக்கட்டும். பம்பையும் ஸ்பேசரையும் பஸ்ஸில் மேலே போடும் பெட்டியில் வைக்காதீர்கள், உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.