ஐந்து படி

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டைப் பற்றியும் தெருவைப் பற்றியும் வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடு பெரம்பூரில், ஓட்டேரி நல்லா என்கிற கால்வாயிலிருந்து நாலு தெரு தள்ளி. அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1955-இல் அந்தத் தொழிற்சாலை வந்த பிறகு இந்தப் பக்கம் அரை கிரவுண்டு மனை வாங்கி வீடு கட்டியவர்களில் அவரும் ஒருவர். 1964-இல் கிருகப்பிரவேசம். வாசலில் ஐந்து படி. இந்த ஐந்து படியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் தெரு மண் தெரு. ஒரு நாள் ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, தார் ஊற்றினார்கள். விடியற்காலையில் கோலம் போடப் போன அம்மா, அங்கே நின்ற மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டாள். “என்னப்பா, நேத்து அஞ்சு படி இருந்துச்சே?”

“படி எங்கேயும் போவலம்மா. ரோடுதான் மேல வந்துச்சு.”

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு பழக்கம். ரோடு போடும்போதெல்லாம், கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபை எடுத்துக்கொள்வார். ஒரு முனையை ரோட்டில் நான் பிடிக்க வேண்டும். மறுமுனையை கேட் தூணின் உள்பக்கம் வைத்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் உளியால் ஒரு கோடு, பக்கத்தில் வருஷம். வெளிப்பக்கம் போட்டால் அடுத்த ரோடு மூடிவிடும், பாருங்கள். அப்பா போட்டது ஐந்து கோடு, அவருக்குப் பின் நான் போட்டது நாலு. எங்கள் கேட் வெளியே திறக்கிற கேட். ரோடு ஏற ஏற அது தரையில் தட்டும். வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டு அடியில் அறுப்போம். அறுத்து அறுத்து, கீழே இருந்த தாமரைப்பூ டிசைனில் இப்போது மேல் இதழ்தான் மிச்சம். வாசலில் படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்தன. இன்றைக்கு ரோட்டிலிருந்து வீட்டுக்குள் ஒரு படி இறங்கித்தான் போகிறோம். ஐந்து படி ஏறிய வீடு!

ரோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். 2021-இல் தலைமைச் செயலாளரே அப்படி உத்தரவிட்டார். சுரண்டினால் மட்டம் பழைய மட்டமாகவே இருக்கும். சுரண்டாவிட்டால் ரோட்டுத் தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்துக்கு. பள்ளம் எது? எங்கள் வீட்டுக் கூடம். 2015-இலும் வந்தது, 2023 டிசம்பர் புயலிலும் வந்தது. வாசல் வழியாக வந்தால்கூட மணல் மூட்டை போட்டுத் தடுக்கலாம். கக்கூஸ் வழியாகப் பொங்கி வந்தால் எங்கே மூட்டை போடுவது?

எதிர்வீட்டுக்காரர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டார். வடநாட்டு ஆட்கள் வந்து, கடைக்காலுக்கு மேலே சுவரை ஓரோர் இடமாக உடைத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கிகளை வைத்தார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் சேர்ந்து ஒரு திருப்பு. மறுபடி குரல், மறுபடி ஒரு திருப்பு. வீடு ஏறுவது கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் மூன்றடி ஏறிவிட்டது. மேலே அந்தம்மா ரசம் தாளித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் கூரை மெட்ராஸ் தளம், தேக்குக் கட்டைமேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. அசைத்தால் என்ன ஆகும் என்று பயம்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு நிமிஷம்தான் என்று ஒரு விரலைக் காட்டுகிறார்கள். பின்னி துணி மில்லில் ஊதிய சங்கைப் பற்றிச் சொல்ல வந்தேன். அதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். 1996-இல் மில்லை மூடினார்கள். 1918-இல் அந்த மில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், பக்கத்து ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி வீட்டு கிறிஸ்துமஸ் கேக், எல்லாம் குறிப்பில் இருக்கிறது, நேரம்தான் இல்லை.

காலையில் கிளம்பும்போது தெருமுனையில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். போய் அந்த டியூபைத் தேட வேண்டும். வணக்கம்.