வாசல்ல நிக்கற பசங்ககிட்ட "எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்லி அனுப்பாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கடலூர் மஞ்சக்குப்பத்துல நின்னுக்கிட்டு மதத்தப் பத்திப் பேசறதுன்னா கொஞ்சம் ஒதறலாத்தான் இருக்கு, ஏன்னா வள்ளலார் பாட்டு அருட்பாவா மருட்பாவான்னு அவருக்கும் ஆறுமுக நாவலருக்கும் நடந்த சண்ட 1869ல இந்த ஊர் கோர்ட்டு வரைக்கும்தான் வந்து நின்னுது, அதுவும் ரெண்டு பேருமே முருகனையும் சிவனையும் கும்பிட்டவங்க, வெளியாளு கூட கெடையாது.

நான் சொல்ல வந்தது அமெரிக்கா சமாச்சாரம். இங்க உக்காந்திருக்கறதுல பாதிப் பேரு பேரப்புள்ளைய பாத்துக்க அங்க போய் வந்தவங்கதான், பகல்ல மகனும் மருமகளும் ஆபீஸ் போயிடுவாங்க, காலிங் பெல் அடிக்கும், தொறந்தா வெள்ளச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ், இருபது வயசு கூட ஆகாத ரெண்டு பசங்க. மார்மன்னு அமெரிக்காவுல பொறந்த ஒரு கிறிஸ்தவ சபை, அதப் பரப்ப வர்ற மிஷனரிங்க. எம்புள்ள இருக்கறது அரிசோனாவுல சாண்ட்லர், பக்கத்து ஊரு மெசாவுல 1927லேருந்தே அவங்க கோயில் இருக்கு, அதனால அந்தப் பக்கம் இவங்க நடமாட்டம் ஜாஸ்தி.

நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா, கதவத் தொறக்க மாட்டாங்க, அது அவங்கவங்க இஷ்டம், வேணாம்னா வேணாம்னு சொன்னா அவங்களும் போயிடுவாங்க. ஆனா தொறந்தவங்க சிரிச்சிக்கிட்டே "எல்லா மதமும் ஒண்ணுதான் தம்பி"ன்னு சொல்லி அனுப்பிடறாங்க பாருங்க, எனக்கு அதுதான் ஆகறதில்ல. கேக்க மரியாதையா இருக்கு, ஆனா நீ சொல்றத நான் கேக்கப்போறதில்லன்னுதான் அதுக்கு அர்த்தம். நம்ம திருப்பாதிரிப்புலியூர் சமண மடத்துல தருமசேனரா இருந்தவருதான் அப்பர், சூலை நோய் வந்து திருவதிகையில அக்கா திலகவதியார்கிட்ட போய் சைவத்துக்குத் திரும்பினாரு, அதுக்காகக் கல்லக் கட்டி கடல்ல போட்டாங்க, மெதந்து வந்த எடம்னு சொல்லி இன்னிக்கும் கரையேறவிட்டகுப்பம்னு பேரு இருக்கு. அவருகிட்ட போய் சமணமும் சைவமும் ஒண்ணுதாங்கன்னு சொல்ல முடியுமா?

அதனால நான் உக்கார வெச்சுப் பேசினேன். நான் தனியா இருந்தா உள்ள வரமாட்டாங்க, பொம்பளைங்க மட்டும் இருக்கற வீட்டுக்குள்ள போகக்கூடாதுன்னு அவங்களுக்கு ரூல், எங்க வீட்டுக்காரர் வந்து சோபால உக்காந்த பிறகுதான் வந்தாங்க. ஃபில்டர் காபி கலந்து எடுத்துட்டு வந்தேன், ஒருத்தன் மோந்து பாத்தான், ஆச இருக்கு, ஆனா தொடல. 1833லயே அவங்க சபைய ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித்துக்குக் கடவுள் சொன்னதா ஒரு கட்டளை, சாராயம், பொகையில, சூடான பானம் கூடாதுன்னு, காபியும் டீயும் அதுல வந்துடுச்சு. பெருங்காயம் போட்ட மோர் குடுத்தேன், ஒருத்தன் முழுசா குடிச்சான், இன்னொருத்தன் பாவம், டம்ளர கையிலயே வெச்சிருந்தான்.

அவங்க கதை சுருக்கமா இதுதான். ஜோசப் ஸ்மித் தங்கத் தகடுங்க கெடச்சுதுன்னு சொல்லி, அதுலேருந்து மொழிபெயர்த்ததா 1830ல மார்மன் புஸ்தகத்த வெளியிட்டாரு, அதே வருஷம் சபைய ஆரம்பிச்சாரு, 1844ல ஜெயில்ல இருக்கும்போதே ஒரு கும்பல் சுட்டுக் கொன்னுடுச்சு, மிச்சம் இருந்தவங்க 1847ல சால்ட் லேக் போய்ச் சேந்தாங்க. பலதார மணத்த 1890ல விட்டுட்டதா அறிவிச்சாங்க. நம்ம ஆளுங்க நெட்ல படிச்சிட்டு மொதல்ல இதத்தான் எடுத்து வீசுவாங்க, அந்தப் பையனுக்கு அது கொள்ளுத்தாத்தாவுக்கும் தாத்தா காலம், அவன் என்ன பண்ணுவான்?

விஷயம் இருக்கறது கடவுள் கிட்டதான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணும் தனித்தனி ஆளு, பிதாவுக்கு சதையும் எலும்பும் இருக்கற ஒடம்பு உண்டுங்கறாங்க. மத்த கிறிஸ்தவங்களுக்கு இது ஒத்தே வராது, கத்தோலிக்க சபை 2001ல மார்மன் ஞானஸ்நானம் செல்லாதுன்னே சொல்லிடுச்சு. நமக்கு அவ்ளோ அதிர்ச்சி இல்ல, சிதம்பரத்துல ஆடறவருக்கு ஒடம்பு இருக்கு, பக்கத்துலயே ரகசியம்னு வெறும் வெளியும் இருக்கு, வடலூர் போனா ஜோதி. ஆனா அந்தப் பையனுக்கு ஒடம்புதான் முடிவு, நமக்கு அது முடிவு இல்ல. வித்தியாசம் சின்னது இல்லீங்க. பொறக்கறதுக்கு முன்னாடியே நாம கடவுள்கிட்ட இருந்தோம்னு அவங்களும் சொல்றாங்க, சரி, நம்ம பக்கம் வராங்கன்னு பாத்தா மறுபிறவி கெடையவே கெடையாதாம்.

சுத்திச் சுத்தி கடைசியில ஒரே எடத்துக்குத்தான் வருவாங்க, புஸ்தகத்தப் படிங்க, ஜெபம் பண்ணுங்க, உண்மைன்னு உங்க மனசுலயே கடவுள் சொல்லுவாருன்னு. நான் கேட்டேன், தம்பி, பாடலீஸ்வரர் சன்னதியில தீபாராதன காட்டும்போது எனக்கும் நெஞ்சு உருகுது, உனக்கு ஆன மாதிரியேதான், அத என்ன பண்றதுன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், எல்லா ஜனங்களுக்கும் கடவுள் கொஞ்சம் வெளிச்சம் குடுத்திருக்காரு, முழுசா இருக்கறது எங்ககிட்டன்னான். எங்க வீட்டுக்காரர் பலமா சிரிச்சிட்டாரு, ஏன்னா நம்ம சைவ சித்தாந்தத்துலயும் இதேதானே, மத்த சமயமெல்லாம் படி, உச்சிப் படி சைவம். உன் படிக்கட்டுல நாங்க கீழ, எங்க படிக்கட்டுல நீ கீழன்னு சொன்னாரு. பையன் கோச்சிக்கல, யோசிச்சான். பேச்சே அங்கதான் சூடு புடிச்சுது.

1978 வரைக்கும் கறுப்பின ஆம்பளைங்களுக்கு உங்க சபையில குருத்துவம் குடுக்கலையேன்னும் கேட்டேன், ஆனா கேக்கறவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கணும், மதுர மீனாட்சி கோயிலுக்குள்ள தலித் மக்கள் போனது 1939ல, அதுக்கப்புறமும் நம்ம ஜில்லாக்கள்ல எத்தன கோயில் பூட்டிக் கெடந்துது. அதையும் சேத்துச் சொல்லிட்டுத்தான் அவன் பதில கேட்டேன்.

செத்தவங்களுக்குக் கூட அவங்க பதிலாள் வெச்சு ஞானஸ்நானம் குடுப்பாங்க, முக்கியமா சொந்த முன்னோருக்கு. நாம ஆடி அமாவாசைக்கு தேவனாம்பட்டினம் கடக்கரையில எள்ளும் தண்ணியும் விடறத சொன்னேன், ரெண்டு பேரும் கண்ண விரிச்சு கேட்டாங்க. ஆனா உங்க தர்ப்பணம் செத்தவர மதம் மாத்தப் பாக்குதேன்னேன். இல்ல ஆன்ட்டி, அங்க இருக்கறவங்க வேணாம்னும் சொல்லலாம்னு பையன் சொன்னான். அப்பிடின்னா எங்க மாமனாரப் பத்தி கவலையில்ல, உயிரோட இருக்கறப்பவே அவரு யாரு சொல்லியும் எதுக்கும் சரின்னதில்லன்னேன், மோர் குடிக்காதவன்தான் மொதல்ல சிரிச்சான்.

சரி, நேரமாச்சு, கேள்வி இருந்தா கேளுங்க.