விராட்டின் பாய்லர் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். விராட் என்ற விமானம் தாங்கிக் கப்பலின் ஆயுளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1944இல் இங்கிலாந்தில் பாரோ என்ற ஊரில் கட்டத் தொடங்கினார்கள். 1959இல்தான் ஹெர்மீஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1982இல் அர்ஜென்டினாவோடு நடந்த பாக்லாந்து போரில் அவர்களுடைய தலைமைக் கப்பல். அப்புறம் நாம் வாங்கி, பழுது பார்த்து, 1987 மே மாதம் விராட் ஆக்கினோம். 2017 மார்ச் வரை உழைத்தது. அவர்களிடம் இருந்ததைவிட நம்மிடம்தான் அதிக காலம்.

இவ்வளவு காலம் எப்படித் தாங்கியது? என்ஜின் அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதில் ஒன்றுதான்: தண்ணீர்.

விராட், பாய்லர் என்ற கொதிகலனில் தண்ணீரைக் காய்ச்சி, அந்த நீராவியில் ஓடிய கப்பல். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்னால், பென்னாகரம் பக்கம் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிய குண்டாவில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். பாய்லர் குழாயில் அப்படிப் படிந்தால் குழாய் சூடேறி வெடித்துவிடும். அதனால் கடல் தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்து, உப்பில்லாத தண்ணீராக்கித்தான் பாய்லருக்குக் கொடுப்போம். அதற்குப் போக மிச்சம்தான் எங்கள் குளியலுக்கு.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. கப்பலை ஓட்டும் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர வைத்து, தண்ணீராக்கி, திரும்பவும் பாய்லருக்கே அனுப்புவோம். அதைக் குளிர வைப்பதும் கடல் தண்ணீர்தான். நடுவில் இருப்பது மெல்லிய குழாய். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் உப்பு உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு வாட்ச்சிலும், அதாவது ஒவ்வொரு முறை வேலை நேரத்திலும், தண்ணீரை எடுத்து, வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்ப்போம். வெள்ளையாகக் கலங்கினால் உப்பு. நள்ளிரவானாலும் பார்த்தே ஆக வேண்டும். "பழைய கப்பல்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பொறுக்காது. அந்தச் சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டவர்கள் இருந்ததால்தான் அது பழைய கப்பலாகும் வரை இருந்தது. திரும்பவும் சொல்கிறேன், தண்ணீர்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். 2020 செப்டம்பரில் விராட்டை, கப்பல் உடைக்கும் ஊரான குஜராத்தின் அலாங்குக்கு இழுத்துப் போனார்கள். அருங்காட்சியகமாக்கச் சிலர் உச்ச நீதிமன்றம் வரை போயும் பலிக்கவில்லை, உடைத்துவிட்டார்கள். பாய்லர் அறையையாவது நம் பிள்ளைகளுக்காக வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவிடமிருந்து 2007இல் வந்த ஜலாஷ்வாவைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். 2020 ஊரடங்கில் கொழும்பிலிருந்து நம்மவர்களைத் தூத்துக்குடிக்கு ஏற்றி வந்த கப்பல். அதுவும் பாய்லர் கப்பல்தான். வணக்கம்.