20% டிவிடெண்ட் கொடுத்த ரிக் கம்பெனி ரெண்டு தடவை திவாலானது எப்படி?

[திரையில்: 4 ÷ 20 = 20%]

நூறு ரூபாய் போட்டா வருஷத்துக்கு இருபது ரூபாய் டிவிடெண்ட். ஆசையா இருக்குல்ல? 2014 நவம்பர்ல சீட்ரில்ங்கற ரிக் கம்பெனியோட பங்கு அப்படித்தான் இருந்துச்சு. விலை 20 டாலரை ஒட்டி, டிவிடெண்ட் காலாண்டுக்கு 1 டாலர். 26-ஆம் தேதி டிவிடெண்டை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க, அன்னைக்கே பங்கு 20 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. 2017 செப்டம்பர்ல திவால் மனு. 2021 பிப்ரவரில இன்னொண்ணு!

பின்னணி ரெண்டே வரி. இவங்க எண்ணெய் எடுத்து விக்கறவங்க இல்லை, எண்ணெய் கம்பெனிக்கு ரிக்கை, அதாவது கடல்ல எண்ணெய்க் கிணறு தோண்டற மேடையை, வாடகைக்கு விடறவங்க. நாள் வாடகைக்குப் பேர் டே ரேட்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச கணக்கு, ஸ்கிப் பண்ணாதீங்க.

[திரையில்: ஒரு டிரில்ஷிப், ரெண்டு வாடகை]

கொரியாவுல கப்பல் கட்டற யார்டுல கட்டின ஒரு டிரில்ஷிப், அதாவது கிணறு தோண்டற கப்பல், விலை 60 கோடி டாலர்னு வெச்சுக்கங்க. ஆள் சம்பளம், பராமரிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1.5 லட்சம் டாலர். 2013-ல டே ரேட் 6 லட்சம் வரைக்கும் போச்சு. மிச்சம் 4.5 லட்சம். 350 நாள் ஓடினா 15.75 கோடி டாலர். இப்போ டே ரேட் 2 லட்சத்துக்கு இறங்கட்டும். 2017-ல அதுக்கும் கீழே போயிருக்கு. ஆளும் அதே, பராமரிப்பும் அதே, மிச்சம் வெறும் 50,000. வருஷத்துக்கு 1.75 கோடி. வாடகை மூணுல ஒரு பங்காச்சு, கையில நிக்கற காசு ஒன்பதுல ஒரு பங்காச்சு! கப்பல் மேல 30 கோடி கடன் 6 சதவீதத்துல இருந்தா, வட்டியே 1.8 கோடி. அசலைப் பத்திக் கேக்காதீங்க.

இதுக்கு மேல அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்பெஷல் சர்வேங்கற பெரிய பரிசோதனை. கிணறு பீறிட்டு வெடிக்காம அடைக்கற ப்ளோஅவுட் பிரிவென்ட்டரையும், கப்பலை ஒரே இடத்துல நிறுத்தற த்ரஸ்டரையும் கழட்டிப் பார்க்கணும். கோடிக்கணக்குல டாலர் செலவு, அந்த நாளுக்கு வாடகையும் வராது. இந்தச் செலவைச் சொத்துக் கணக்குல ஏத்திட்டா எபிட்டாவுல, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கறதுக்கு முன்னாடி இருக்கற லாபத்துல, தெரியவே தெரியாது. எபிட்டாவை மட்டும் பெருசா போட்ட ஸ்லைடை நான் நம்பறதே இல்லை.

சீட்ரில்கிட்ட சுமார் 49 கோடி பங்கு. பங்குக்கு 4 டாலர்னா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 200 கோடி டாலர் டிவிடெண்ட். அதே நேரத்துல ஆர்டர் போட்ட புது ரிக்குகளுக்கு யார்டுக்கும் கட்டணும். தொழில்ல வந்த பணம் ரெண்டுக்கும் பத்தலை, மீதி எல்லாம் கடன். வட்டிக்கு வாங்கி ஊர் பூரா மொய் வெச்ச கதை!

சென்னைக்காரங்க சிரிக்க வேண்டாம். நம்ம ஊர் ரிக் கம்பெனி ஏபன் ஆஃப்ஷோர் 2006-ல நார்வேயோட ரிக் கம்பெனி சின்வெஸ்ட்டைப் பெரிய கடன்ல வாங்குச்சு. 2008 தொடக்கத்துல 5,000 ரூபாய்க்கு மேல இருந்த பங்கு, 2020-ல 50-க்கும் கீழே.

2020-ல நோபிள், வலாரிஸ், டயமண்ட்னு மூணு ரிக் கம்பெனியும் திவால் மனு போட்டுச்சு. கடன் கொடுத்தவங்க முதலாளி ஆனாங்க, பழைய பங்குதாரர் கைல வாரண்ட்தான், அதாவது பின்னாடி குறிச்ச விலைக்குப் பங்கு வாங்கற உரிமைதான், மிச்சம். புதுக் கப்பல் ஆர்டர் பண்ற பழக்கம் 2014-க்கு அப்புறமே கிட்டத்தட்ட நின்னுடுச்சு. நோபிள் 2024 பிற்பாதியில காலாண்டுக்கு 50 சென்ட் டிவிடெண்ட் கொடுத்துச்சு, வலாரிஸ் தன் பங்கைத் தானே திரும்ப வாங்கி பைபேக் பண்ணுச்சு, இன்னொரு ரிக் கம்பெனி ட்ரான்ஸ்ஓஷன் கடனை அடைச்சுச்சு. சைக்கிள் உச்சத்துல பைபேக் பண்றதுக்கு, சலிப்பா இருந்தாலும் கடன் அடைக்கறதே மேல்னு என் கட்சி. நீங்க எந்தக் கட்சி, கமெண்ட்ல சண்டைக்கு வாங்க.

வாங்கறதுக்கு முன்னாடி கேஷ் ஃப்ளோ அறிக்கையில தொழில்ல வந்த பணத்துல இருந்து கேப்பெக்ஸை, அதாவது ரிக் மாதிரி சொத்துக்குப் போடற செலவை, கழிங்க. மிச்சம் டிவிடெண்டைத் தாங்குதா பாருங்க. அப்புறம் ஃப்ளீட் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட். எந்த ரிக்கோட ஒப்பந்தம் எந்த மாசம் முடியுதுன்னு அதுல இருக்கும். அதைக் கடன் முதிர்வு அட்டவணைக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒப்பந்தம் எல்லாம் முடியற வருஷத்துலயே பெரிய பாண்டையும் (கடன் பத்திரம்) திருப்பிக் கட்ட வேண்டியிருந்தா, தள்ளி நில்லுங்க. ஒரு காலாண்டுல மட்டும் பணம் திடீர்னு குவிஞ்சிருந்தா, ரிக்கை இடம் மாத்த வாடிக்கையாளர் முன்கூட்டியே கொடுத்த மொபிலைசேஷன் கட்டணமா இருக்கலாம். அடுத்த காலாண்டுல அது வராது.