விறாந்தைச் சாக்கில் குடியிருக்கும் தெள்ளு

நேயர்களுக்கு வணக்கம். மிருக வைத்தியரை வானொலிக்கு அழைத்தால் வழக்கமாக நாய்க்கடியைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள். இன்றைக்கு நாயைக் கடிக்கிறவற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

சென்ற மாரி விட்ட கையோடு, சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் நாயை ஓட்டோவில் கொண்டுவந்தார். இடுப்பிலிருந்து வால் அடி வரை மயிர் கொட்டி, தோல் தடித்து, சொறிந்த இடமெல்லாம் புண். "டொக்டர், கிழமைக்கு ரெண்டு தரம் குளிக்க வார்க்கிறன். மண்ணெண்ணெயும் பூசிப் பாத்திட்டன். கடி நிக்குதில்லை" என்றார்.

பேன்சீப்பால் வால் அடியில் இரண்டு இழுப்பு இழுத்தேன். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பாகக் கொஞ்சம் விழுந்தது. அதை ஈரப்பஞ்சில் வைத்தேன். ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்மண் நிறத்தில் ஒரு வளையம் படர்ந்தது. "அது மண் இல்லை அம்மா, உங்கள் நாயின் இரத்தம். தெள்ளு குடித்துவிட்டுப் போட்ட எச்சம்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நாய் எங்கே படுக்கிறது?" என்று கேட்டேன். விறாந்தையில், ஒரு பழைய அரிசிச் சாக்கில். சரி, விசயம் அங்கேதான்.

ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை இடும். முட்டை மயிரில் ஒட்டிக்கொள்ளாது. நாய் போகிற வழியெல்லாம் உதிரும், படுக்கிற இடத்தில் குவியும். முட்டையிலிருந்து வரும் புழு, வெளிச்சத்துக்குப் பயந்து சாக்கின் இழைக்குள்ளும் சீமெந்து வெடிப்புக்குள்ளும் போய்விடும். அங்கே அதற்குச் சாப்பாடு, மேலேயிருந்து உதிரும் அந்த இரத்த எச்சம்தான். பிறகு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் இருப்பதை மருந்து இலேசில் தொடாது. மாதக்கணக்கில் பேசாமல் கிடந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் துள்ளி வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டை இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் கெண்டைக்காலில் கடிப்பது இதனால்தான். கணக்குப் பார்த்தால், நாயின் மேல் நாம் காணும் தெள்ளு நூற்றில் ஐந்து. மிச்சம் தொண்ணூற்றைந்தும் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் நம் வீட்டில். அந்த அம்மா ஐந்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்ட நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாட்கணக்கில் தன்னைத்தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அப்படிக் கடிக்கும்போது தெள்ளை விழுங்கிவிட்டால், அதற்குள் இருக்கும் நாடாப்புழு குடலில் வளரத் தொடங்கும். நாயின் மலவாயில் அரிசிமணி போல ஒன்று நெளிந்தால் அது நாடாப்புழுவின் ஒரு துண்டு. பூச்சிக் குளிசை கொடுத்தால் அந்தப் புழு போகும். தெள்ளு இருக்கும்வரை அடுத்தது வரும்.

உண்ணி இன்னும் பொல்லாதது. என்னைக் கேட்டால், நம் பக்கத்து நாய்களை நினைத்து நான் மிகவும் பயப்படுவது இதனால்தான். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். உண்ணிக்கு மேலே ஏறும் பழக்கம் உண்டு. ஆகவே நாய்க்கூட்டின் தரையை மட்டும் கழுவினால் போதாது, சுவரையும் கூரைச் சட்டத்தையும் பாருங்கள்.

குடித்த இரத்தம் ஒருபக்கம் இருக்க, உண்ணி விட்டுப்போகும் கிருமிதான் நாயைக் கொல்லும். ஒரு வகைக் கிருமி வெள்ளணுவுக்குள் குடியேறும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும். முதலில் இரண்டு மூன்று கிழமை காய்ச்சல், சோம்பல். பிறகு நாய் தேறிவிட்டது போலத் தெரியும். மாதங்கள் கழித்து, சில நேரம் வருடங்கள் கழித்து, திடீரென மூக்கால் இரத்தம் வடியும். "நேற்றுவரை நல்லா இருந்தது டொக்டர்" என்று அழுகிறவர்களை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இன்னொரு வகை செவ்வணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும்; சிறுநீர் பிளேன் டீ நிறத்தில் போகும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு ஏறக்குறைய நான்கு கிழமை குளிசை கொடுக்கவேண்டும். ஐந்தாம் நாள் சோறு தின்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள்.

குட்டிகளுக்குக் கொக்கிப்புழு; குடலைக் கவ்விப் பிடித்து இரத்தம் குடிக்கிற புழு. இந்த இனத்தில் ஒன்றுக்கு நம் நாட்டின் பெயரே வைத்திருக்கிறார்கள். அன்று சிலோன் எனப்பட்ட இலங்கையில் ஒரு மரநாயிலிருந்து எடுத்து 1911இல் விவரித்ததால் 'சிலானிகம்' என்று பெயர். நமக்குப் பெருமைப்பட ஏதுமில்லை. அது மனிதக் குடலிலும் வளரும். நாய்க் கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போய்விடும். மலம் தார் போலக் கறுத்து, குட்டி சோர்ந்து, ஒரு கிழமைக்குள் கதை முடிந்துவிடலாம். ஆகவே குட்டி பிறந்த இரண்டாம் கிழமையிலேயே பூச்சி மருந்தைத் தொடங்கி, பால் மறக்கும்வரை இரண்டு கிழமைக்கு ஒருதரம் கொடுக்கவேண்டும். உப்புவெளிக் கடற்கரையில் வெறுங்காலுடன் நடக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: நாய் மலம் கழித்த ஈரமணலில் இந்தப் புழுக்குஞ்சுகள் இருக்கும். நம் தோலுக்குள் புகுந்தால் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டுக்கொண்டு கடிக்கும்.

இனி, செய்யக்கூடாதவை. மண்ணெண்ணெய் வேண்டாம், கராச்சிலிருந்து வாங்கும் கழிவு எண்ணெயும் வேண்டாம். தோலை எரிப்பது போதாதென்று, நாய் நக்கினால் வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் கேடு. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை 'ஒரு மூடி' என்று கைக்கணக்கில் ஊற்றாதீர்கள். நாயின் கழுத்தில் விடும் சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். வீட்டில் பூனை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மருந்தின் அளவு நாயின் நிறையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துப் பாருங்கள்.

சாம்பல்தீவு அம்மா சாக்கை எரித்துவிட்டார். இப்போது நாய்க்கு ஒரு பழைய சாரம் விரித்திருக்கிறார். கிழமைக்கு ஒருதரம் அதைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைக்கிறார். விறாந்தை வெடிப்புகளுக்குச் சீமெந்து பூசியாயிற்று. தெள்ளுக் குளிசையை மூன்று மாதம் விடாமல் கொடுத்தார். முதல் மாதத்தில் தெள்ளு திரும்பவும் தெரிந்ததும் "மருந்து பிழை" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். அவை பழைய கூடுகளிலிருந்து வந்த கடைசிக் கூட்டம் என்று நம்பவைக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

இன்றிரவு உங்கள் நாய்க்குச் சோறு வைக்கும்போது மேலுதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். முரசு, அதாவது பல்லீறு, இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அமர்த்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பவேண்டும். கடுதாசி போல வெளிறியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று பார்த்திருக்காமல், நாளைக் காலையிலேயே கொண்டுவந்து காட்டுங்கள். வணக்கம்.