இடுப்பில் கட்டிய பிரம்பு

அவையோருக்கு என் வணக்கம்.

பாலி மொழித் தொகுப்பில் 547 ஜாதகக் கதைகள் இருக்கின்றன. புத்தர் தம் முற்பிறவிகளில் முயலாக, மானாக, காடையாக, யானையாக வாழ்ந்ததைச் சொல்பவை அவற்றில் பல. இன்று ஒரே ஒரு கதையைத்தான் எடுத்து வந்திருக்கிறேன். 407ஆவது கதை, மகாகபி ஜாதகம். புத்தர் ஒரு குரங்கு அரசனாகப் பிறந்த கதை.

இமயமலைப் பக்கம், கங்கைக் கரையில் பெரிய மாமரம். எண்பதாயிரம் குரங்குகள் அதன் பழத்தைத் தின்று வாழ்கின்றன. ஆற்றுக்கு மேலே நீண்டிருக்கும் கிளையில் ஒரு பழம்கூட விடக் கூடாது என்பது அரசனின் கட்டளை. ஆற்றில் விழுந்தால் மனிதர் கைக்குப் போய்விடும், அப்புறம் தேடி வந்துவிடுவார்கள் என்ற பயம். எல்லாம் பறித்தார்கள். எறும்புக்கூடு மறைத்திருந்த ஒரு பழம் மட்டும் கண்ணில் படவில்லை. அது பழுத்து ஆற்றில் விழுந்து, வாரணாசி மன்னன் குளிக்கும் இடத்தில் கட்டியிருந்த வலையில் சிக்கியது. தின்றுபார்த்த மன்னன் ருசியில் மயங்கி மரத்தைத் தேடி வந்தான். இரவில் குரங்குகளைப் பார்த்ததும் வில்லாளிகளை நிறுத்தினான். விடிந்ததும் மாம்பழத்தோடு குரங்குக் கறி என்பது அவன் திட்டம்.

குரங்கு அரசன் ஆற்றைத் தாண்டிக் குதித்தான். அக்கரையில் ஒரு பிரம்பை வெட்டினான். மரத்தில் கட்ட இவ்வளவு, ஆற்றின் மேலே நீள இவ்வளவு என்று அளந்தான். ஆனால் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டும் அளவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான். திரும்பிப் பாய்ந்தபோது பிரம்பு எட்டவில்லை. மாமரக் கிளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டான். குறைந்த நீளத்துக்கு அவன் உடம்பே பாலமானது.

சிறு வயதில் இதைப் படித்தபோது எனக்கு, பின்னாளில் புத்தருக்குப் பகையாக நின்ற தேவதத்தன் மேல்தான் கோபம் வந்தது. அந்தப் பிறவியில் அவனும் ஒரு குரங்கு. எல்லோரும் தாண்டிய பிறகு கடைசியாக வந்து, உயரத்திலிருந்து அரசனின் முதுகில் குதித்து அவன் நெஞ்சை உடைத்துவிட்டுப் போனான். இப்போது படிக்கும்போது என் மனம் அந்தப் பிரம்பிலேயே நின்றுவிடுகிறது. மரத்தை நினைத்தவன், ஆற்றை நினைத்தவன், தன்னை மட்டும் நினைக்கவில்லை. புத்தராகப் போகிற போதிசத்துவரே ஆனாலும் கணக்கில் தவறினார் என்று கதை ஒளிக்காமல் சொல்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த இடம். தவறு தெரிந்த நொடியில் அவர் பிரம்பை நொந்துகொண்டு நிற்கவில்லை. குறையைத் தன் உடம்பால் நிரப்பினார்.

இதையெல்லாம் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான் மன்னன். வில்லாளிகளோடு வந்தவன்தான். விடிந்ததும் அந்தக் குரங்கை மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னான். கங்கை நீரால் குளிப்பாட்டி, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, எண்ணெய் பூசிப் படுக்கையில் கிடத்தினான். பிறகு தான் ஒரு தாழ்ந்த ஆசனத்தில் உட்கார்ந்து கேட்டான்: “உன்னையே பாலமாக்கி இவர்களைக் கரையேற்றினாயே, இவர்கள் உனக்கு யார்? நீ இவர்களுக்கு யார்?”

“நான் இவர்களின் அரசன். துன்பத்தில் துடித்தவர்களைக் காப்பாற்றினேன். கட்டுண்டதும் என்னை வருத்தவில்லை, சாவும் வருத்தவில்லை” என்றது குரங்கு. ஆளுகிறவன் தன் மக்களின் சுகத்தைத் தேட வேண்டும் என்று அந்த மன்னனுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு உயிர் விட்டது.

கேட்டுக்கொண்டிருந்தவன் காசியின் அரசன். படுக்கையில் கிடந்தது, முந்தின இரவு அவன் கறியாக்க நினைத்த குரங்கு.